பழுது எங்கே முடிகிறது, புது வீடு எங்கே தொடங்குகிறது?
அமெரிக்க ஆற்றங்கரை வீடுகளும் உள்ளூர்த் திட்டக் குழுக்களும்: ஓர் ஆய்வு

கூரை ஒழுகுகிறது. ஆற்றுப் பக்கத்துச் சுவரின் அடிக்கட்டை உளுத்துவிட்டது. வீட்டுக்காரர் தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் ஊர் அலுவலகத்தின் படியேற வேண்டியிருக்கிறது. காரணம், இன்றைய விதிப்படி அந்த இடத்தில் அப்படியொரு வீடு எழும்பவே முடியாது. ஆற்றுக்கு மிக அருகில் நிற்கிறது, அல்லது வெள்ள மட்டத்துக்குக் கீழே தரை கிடக்கிறது. ஆனாலும் அது திருட்டுத்தனமாகக் கட்டிய வீடு அன்று. கட்டிய நாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. விதிதான் பின்னால் வந்தது.

இத்தகைய வீட்டை அமெரிக்கச் சட்டம் 'விதிக்கு ஒவ்வாத கட்டடம்' என்று தனி வகையாக வைத்திருக்கிறது. நிற்க உரிமை உண்டு, வளர உரிமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பழுதுபார்ப்பு. எந்த அளவு வரை அது பழைய வீட்டைப் பேணுவது, எந்த அளவைத் தாண்டினால் அது பழைய பெயரில் புது வீடு கட்டுவது? உள்ளூர்த் திட்டக் குழுக்களின் முன் மாதந்தோறும் வரும் இந்தச் சின்னக் கேள்விக்குள் சொத்துரிமை, ஆற்றின் நலம், பொதுப்பணம், மனித உயிர் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. இதற்கு இதுவரை தரப்பட்ட விடைகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதிக்கு முன் பிறந்த வீடு

நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எதைக் கட்டலாம் என்று வரையறுக்கும் முறை அமெரிக்காவில் 1916இல் நியூயார்க் நகரத்தின் விதிகளோடு முழு வடிவம் பெற்றது. 1926இல் ஓஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அன்றே ஒரு சிக்கல் எழுந்தது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களை என்ன செய்வது? இடிக்கச் சொன்னால் நட்ட ஈடு கேட்பார்கள், மக்களும் மண்டல முறையையே வெறுப்பார்கள். ஆகவே சட்டம் வகுத்தவர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இருப்பவை இருக்கட்டும், ஆனால் பெரிதாகக் கூடாது, கைவிட்டால் திரும்பக் கூடாது, அழிந்தால் பழையபடி எழும்பக் கூடாது என்றார்கள். காலம் தானாகவே அவற்றை உதிர்த்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள்.

அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. விதிக்கு ஒவ்வாத கட்டடங்கள் உதிரவில்லை. அதற்கு எளிய காரணம் உண்டு. புதிதாக யாரும் கட்ட முடியாத இடத்தில் நிற்கும் வீட்டுக்கு மதிப்பு ஏறத்தான் செய்யும். ஆற்றைத் தொட்டபடி நிற்கும் வீடு பக்கத்தில் இனி எழும்பாது என்ற தடையே, நிற்கும் வீட்டை அரிய பொருளாக்கிவிடுகிறது. உரிமையாளர் அதை மேலும் கவனமாகப் பேணுகிறார். வீட்டின் இயற்கையான முதுமையை நம்பிய சட்டம், பழுதுபார்ப்பு என்ற மருந்தைக் கணக்கில் எடுக்கத் தவறியது. மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் அதன் பிறகே பெருகின.

இரண்டு குற்றங்கள், இரண்டு விதிகள்

ஆற்றங்கரை வீடு இரண்டு வகையில் விதியை மீறி நிற்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பல விசாரணைகள் வழிதவறக் காரணம் என்று கருதுகிறேன்.

முதலாவது, தூரம். விஸ்கான்சின் மாநிலம் 1960களின் நடுவில் இயற்றிய சட்டத்தின்படி, நகர எல்லைக்கு வெளியே ஏரியிலிருந்து 1,000 அடிக்குள்ளும் ஆற்றிலிருந்து 300 அடிக்குள்ளும் உள்ள நிலத்தைக் கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்கள் தனியே ஒழுங்குபடுத்த வேண்டும். கட்டடம் நீர்விளிம்பிலிருந்து 75 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பொது அளவு. கரையிலுள்ள செடிகொடிகள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன, கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் வழியும் அழுக்கு நீரை வடிகட்டுகின்றன, மீனுக்கும் தவளைக்கும் நிழல் தருகின்றன. அந்தக் கரையைக் காப்பதே இந்த விதியின் நோக்கம்.

இரண்டாவது, உயரம். 1968இல் நடுவண் அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் கைவிட்ட காப்பீட்டை அரசு தரும், பதிலுக்கு ஊராட்சிகள் வெள்ளச் சமவெளியில் கட்டுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். 1972இல் ஆக்னஸ் புயல் பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்தபோது காப்பீடு எடுத்திருந்தவர்கள் மிகச் சிலரே. அதனால் 1973இல் சட்டம் இறுக்கப்பட்டது. வெள்ள அபாயப் பகுதியில் அரசு சார்ந்த வீட்டுக்கடன் வாங்கினால் காப்பீடு கட்டாயமாயிற்று. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளமே அளவுகோல். நூறாண்டு வெள்ளம் என்று அழைக்கப்படுவதால் அது நம் காலத்தில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. புதிய வீட்டின் கீழ்த்தளம் அந்த மட்டத்துக்காவது உயர வேண்டும். விஸ்கான்சின் அதற்கும் மேலே 2 அடி கேட்கிறது.

தூரக் குற்றம் ஆற்றுக்குச் செய்யும் தீங்கு. உயரக் குற்றம் வீட்டிலிருப்பவருக்கும் மீட்க வருபவருக்கும் காப்பீட்டுக்குப் பணம் தரும் பொதுமக்களுக்கும் செய்யும் தீங்கு. தாழ்ந்த வீட்டைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்திக் குறையைத் தீர்க்கலாம். அருகில் நிற்கும் வீட்டை எவ்வளவு தூக்கினாலும் அது அருகில்தான் நிற்கும். சில நேரம் இரண்டு விதிகளும் எதிரெதிரே இழுப்பதும் உண்டு. விஸ்கான்சின் எல்லையில் ஓடும் செயின்ட் கிராய் ஆற்றின் கீழ்ப்பகுதி 1972இல் நடுவண் அரசின் எழில் ஆறுகள் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வீடு ஆற்றிலிருந்து பார்ப்பவர் கண்ணை உறுத்தக் கூடாது, வெளிப்பூச்சு மண்நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளத்துக்குத் தப்ப வீட்டை உயர்த்தினால் அது மேலும் கண்ணில் படும். எது முக்கியம் என்று உள்ளூர்க் குழுதான் சொல்லியாக வேண்டும்.

பாதி என்னும் கோடு

உயர விதியின் நடுநாயகம் 50 விழுக்காட்டு வரம்பு. வேலையின் செலவு, வேலை தொடங்குமுன் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், அது வெறும் பழுதுபார்ப்பாகக் கருதப்படாது. வீடு முழுவதும் புதிய வீட்டுக்கான விதிக்குள் வந்துவிடும். வெள்ளமோ தீயோ புயலோ வீட்டைச் சேதப்படுத்தி, முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு பாதியை எட்டினாலும் இதே முடிவுதான்.

கணக்கில் நில மதிப்பு சேராது. உறவினரும் அயலாரும் கூலி வாங்காமல் உழைத்தாலும் அந்த உழைப்புக்குச் சந்தை விலை போட்டே கூட்ட வேண்டும். இலவசமாகக் கிடைத்த பலகைக்கும் விலை உண்டு. வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட வீடுகளுக்கு விலக்கு உண்டு. அதிகாரி முன்பே குறித்துவைத்த சுகாதார, பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் செலவும் கணக்கில் வராது. வேலையைத் துண்டு துண்டாக்கி ஆண்டுக்கு ஒன்றாகச் செய்து கோட்டுக்குக் கீழேயே தவழ்ந்து போகாதபடி, சில ஊர்கள் பல ஆண்டுச் செலவைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வருகின்றன.

இந்த முறையின் பெருமை, எண்ணிப் பார்க்க முடிகிறது என்பது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு. ஆனால் அதற்குள் இரண்டு அநீதிகள் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவரின் ஆற்றோர நிலம் 4,00,000 டாலர் பெறும். அதன் மேல் நிற்கும் பழைய மரவீட்டின் மதிப்பு 80,000 டாலர்தான். இரண்டடி தண்ணீர் புகுந்து தரை, சுவர்ப்பலகை, மின்கம்பி, வெப்பமூட்டி எல்லாம் போனால் 40,000 டாலரைத் தொடுவது எளிது. அவர் கோட்டைத் தாண்டிவிட்டார். அதே கரையில் 6,00,000 டாலர் மதிப்புள்ள மாளிகைக்காரர் 2,99,000 டாலர் வரை செலவிட்டுப் பழைய மட்டத்திலேயே தொடரலாம். தண்ணீர் இருவர் வீட்டிலும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. விதியோ எளிய வீட்டைத்தான் முதலில் பிடிக்கிறது.

இரண்டாவது அநீதி பொதுப்பணத்தின் பக்கம். 49 விழுக்காட்டில் இந்த விதி எதுவுமே கேட்பதில்லை. 50இல் எல்லாவற்றையும் கேட்கிறது. கோட்டுக்குக் கீழே நிற்கும் வீட்டில், நனைந்த பலகையை எடுத்துவிட்டு அடுத்த வெள்ளத்தில் நனையப்போகும் அதே பலகையை அதே இடத்தில் அடிக்கிறார்கள். வெப்பமூட்டி மீண்டும் அதே தாழ்ந்த மூலையில் அமர்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப இழப்பீடு வாங்கும் வீடுகள் திட்டத்தின் முதுகை முறிக்கின்றன. 2017இல் நாடாளுமன்றம் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் கடனில் 1,600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் 2,000 கோடிக்கு மேல் பாக்கி நின்றது.

கோட்டைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் கைத்தாங்கலும் சிறிதே. வீட்டைத் தூக்கவோ நகர்த்தவோ இடிக்கவோ காப்பீட்டின் துணைப்பிரிவு தருவது அதிகபட்சம் 30,000 டாலர். வீட்டைத் தூக்கும் வேலை பெரும்பாலும் அதற்குள் முடிவதில்லை.

வேறு அளவுகோல்கள்

பாதி வரம்பு ஒன்றே வழி என்பதில்லை. ஒரிகான் மாநிலம் 1975இல் வில்லாமெட் ஆற்றின் பசுமைவழிக்கு வகுத்த குறிக்கோள், செலவைக் கேட்காமல் தன்மையைக் கேட்கிறது. கரையோரத்தில் புதுப் பயன்பாடு, பயன்பாட்டை மிகுவித்தல், புதுக் கட்டுமானம் ஆகியவை சிறப்பு ஆய்வுக்கு வர வேண்டும். இருக்கும் பயன்பாடு தொடர்வதற்கு வழக்கமாகத் தேவைப்படும் பேணலும் பழுதுபார்ப்பும் வர வேண்டியதில்லை. வாழும் வீட்டை வாழ விடும் பெருந்தன்மை இதில் இருக்கிறது. ஆனால் 'வழக்கமான' என்ற சொல்லின் எல்லையை ஒவ்வொரு முறையும் ஒருவர் தீர்ப்பளித்தாக வேண்டும்.

விஸ்கான்சின் மூன்றாவது பாதையில் சென்றது. செலவு விழுக்காட்டை வைத்து விதிக்கு ஒவ்வாத கட்டடத்தின் பழுதுபார்ப்பைத் தடுக்கக் கூடாது என்று 2012இல் அதன் சட்டமன்றம் முடிவெடுத்தது. 2015இல் கரையோர வீடுகளுக்கும் இந்தத் தளர்வு விரிந்தது. பழைய அடித்தடத்துக்குள் நிற்கும் வரை பழுதுபார்க்கலாம், மாற்றியும் கட்டலாம். வெள்ளச் சமவெளி விதியில் மட்டும் நடுவண் அரசின் கட்டாயத்தால் பாதி வரம்பு தொடர்கிறது. இங்கே அளவுகோல் தரையில் படும் நிழல். அளக்க எளிது, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுதான். ஆனால் காலம் உதிர்த்துவிடும் என்ற பழைய எதிர்பார்ப்பை இது வெளிப்படையாகவே கைவிட்டுவிட்டது. 30 அடி தூரத்தில் நிற்கும் வீடு இனி என்றென்றும் 30 அடியிலேயே நிற்கும்.

நான்காவது வழி கைமாறு. கட்ட அனுமதி வேண்டுமா, கரையில் இயற்கைச் செடிகளை வளர்த்துக் கொடு, வழியும் மழைநீரை நிலத்தில் இறங்க வை என்று கேட்பது. விஸ்கான்சினின் கரையோர விதிகளிலும் செயின்ட் கிராய் விதிகளிலும் இந்த ஈடுசெய்யும் முறைக்கு இடமுண்டு. வீடு நகரவில்லை, ஆனால் அதனால் ஆறு படும் பாடு குறைகிறது.

விசாரணை மேசை

விதி எதுவானாலும் அதைப் பயன்படுத்துவது ஊரின் அலுவலரும், ஐந்தாறு குடிமக்கள் அமர்ந்த முறையீட்டுக் குழுவும்தான். விண்ணப்பம் வரும், அறிவிப்பு வெளியாகும், அயலார் பேசுவார்கள், குழு காரணங்களை எழுதித் தீர்மானிக்கும். விதிவிலக்குக் கேட்பவர் தம் குடும்பச் சூழலைச் சொல்லிப் பயனில்லை. நிலத்தின் தனித்தன்மையால் வரும் இடர்ப்பாட்டைக் காட்ட வேண்டும்.

எவ்வளவு இடர்ப்பாடு போதும் என்பதில் உயர்ந்த நீதிமன்றங்களே ஊசலாடியிருக்கின்றன. ஏரிக்கரை வீட்டின் மரமேடை ஒன்றைப் பற்றிய வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1998இல் மிகக் கடுமையான அளவை வைத்தது. விதிவிலக்கு இல்லாவிட்டால் அந்தச் சொத்தை நியாயமாகப் பயன்படுத்தவே முடியாது என்று காட்ட வேண்டும் என்றது. 2004இல் இன்னொரு ஏரிக்கரை வீட்டின் மேல்விரிவு பற்றிய வழக்கில், தூரம், உயரம் போன்ற அளவு விதிகளுக்கு அவ்வளவு கடுமை வேண்டாம், விதி தேவையற்ற சுமையாகிறதா, விதியின் நோக்கம் காக்கப்படுகிறதா என்று பார்த்தால் போதும் என்று மாற்றிக்கொண்டது. நோக்கத்தைப் பார் என்ற அந்த வழிகாட்டல் பொன்னானது.

குழுவின் நடுநிலையும் சட்டத்தின் பகுதியே. விஸ்கான்சினின் சீடர்பர்க் நகரத்தில் விதிக்கு ஒவ்வாத சொத்து ஒன்றைப் பற்றிய விசாரணையில், குழுத் தலைவர் முன்கூட்டியே முடிவெடுத்ததுபோல் பேசியிருந்தார். அந்த முடிவு செல்லாது என்று 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டை இழக்கும் அச்சத்தோடு வந்து நிற்பவர் திறந்த மனத்தோடு கேட்கப்பட வேண்டும்.

இதற்கு நேர்மாறான அழுத்தமும் உண்டு. வெள்ளம் வடிந்த மறுவாரம், சேறு படிந்த வீட்டு வாசலில் நிற்கும் குடும்பத்திடம் "உங்கள் வீடு பாதிக்கு மேல் சேதம்" என்று சொல்ல வேண்டிய அலுவலர் அதே ஊர்க்காரர். அவர் மனம் இளகுவது இயல்பு. 2022இல் இயன் புயல் தாக்கிய புளோரிடாவில், அனுமதியின்றி நடந்த பழுதுபார்ப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்காகச் சில ஊர்களின் காப்பீட்டுத் தள்ளுபடியைப் பறிப்பதாக 2024இல் நடுவண் அரசு அறிவித்தது. பெரும்பாலான ஊர்கள் பிறகு அதைத் தக்கவைத்துக்கொண்டன. ஓர் அலுவலரின் இரக்கத்துக்கு ஊர் முழுவதும் காப்பீட்டுக் கட்டணத்தில் விலை கொடுக்க நேரலாம் என்பதை அந்த அறிவிப்பு காட்டியது.

பறிப்பா, பாதுகாப்பா

அரசு ஒருவரின் சொத்தை எடுத்தால் ஈடு தர வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டம். பழுதுபார்க்க விடாமல் தடுப்பதும் எடுத்துக்கொள்வதுதானா?

லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் மில் கிரீக் ஓடைக் கரையில் ஒரு தேவாலயம் முகாம் நடத்திவந்தது. 1977இல் மேல்மலைக் காடு எரிந்தது. வெறுமையான சரிவிலிருந்து 1978இல் பாய்ந்த வெள்ளம் கட்டடங்களை அடித்துச் சென்றது. 1979இல் கவுன்டி அங்கே மீண்டும் கட்டுவதைத் தடைசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தற்காலிகத் தடையானாலும் அது சொத்தைப் பறிப்பதாக இருந்தால் ஈடு உண்டு என்று 1987இல் தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்கு திரும்பி வந்தபோது, உயிர்காக்கும் நோக்கத்தில் இட்ட நியாயமான தடை பறிப்பாகாது என்று 1989இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கொள்கையில் சொத்துரிமைக்கு வெற்றி, நடப்பில் பாதுகாப்புக்கு வெற்றி.

செயின்ட் கிராய் கரை வழக்கு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஒரு குடும்பம் 1960களில் அடுத்தடுத்த இரண்டு மனைகளை வாங்கி ஒன்றில் குடில் வைத்திருந்தது. பிள்ளைகள் காலத்தில் குடிலை இடம் மாற்றிக் கட்டவும், அந்தச் செலவுக்கு மற்ற மனையை விற்கவும் விரும்பினார்கள். 1976 முதல் இருந்த விதி, ஒரே உரிமையாளரின் சிறிய அடுத்தடுத்த மனைகளை ஒன்றாகவே கருதியது. கவுன்டி குழு விதிவிலக்குத் தர மறுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. இரண்டும் தனித்தனி மனைகளாக இருந்தால் 7,71,000 டாலர், ஒன்றாகக் கருதினால் 6,98,300 டாலர் என்ற மதிப்பீட்டில் இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது தீர்ப்பில் எடை பெற்றது. அதே ஆண்டு முடிவதற்குள் விஸ்கான்சின் சட்டமன்றம் அந்த மனைச் சேர்ப்பு விதியையே செல்லாததாக்கியது. நீதிமன்றத்தில் தோற்ற குடும்பத்தின் வழக்கு சட்டமன்றத்தில் வென்றது.

கிக்கப்பூ ஆற்றின் இரண்டு ஊர்கள்

பழுதுபார்ப்பை மறுத்தால் மக்கள் எங்கே போவார்கள்? இந்த வினாவுக்கு நேர்மையான விடை தந்த ஊர் தென்மேற்கு விஸ்கான்சினில் கிக்கப்பூ ஆற்றின் கரையிலிருந்த சோல்ஜர்ஸ் குரோவ். பலமுறை மூழ்கிய ஊர். வெள்ளச் சமவெளி விதிகளால் தாழ்ந்த கடைத்தெருவைப் பழுதுபார்த்துப் பெருக்கவும் முடியவில்லை. கரைச்சுவர் கட்டலாம் என்று ராணுவப் பொறியாளர்கள் சொன்னார்கள். அதன் செலவு, அது காக்கப்போகும் சொத்தின் மதிப்பைவிட அதிகம். அந்தப் பணத்தில் ஊரையே மேட்டுக்கு மாற்றினால் என்ன என்று ஊர்மக்கள் கேட்டார்கள். 1978 ஜூலையில் வந்த வெள்ளம் தயக்கத்தை முடித்துவைத்தது. நடுவண் அரசின் உதவியோடு கடைத்தெரு மேட்டுக்குப் போயிற்று. புதிய கடைகள் வெப்பத்தில் பாதியையாவது கதிரவனிடமிருந்து பெற வேண்டும் என்று ஊரே விதி செய்துகொண்டது. பழைய கடைத்தெரு இருந்த இடம் பூங்காவாயிற்று.

அதே ஆற்றில் கீழே கிடக்கும் கேய்ஸ் மில்ஸ் ஊரை 2007 ஆகஸ்டிலும் 2008 ஜூனிலும் பத்து மாத இடைவெளியில் இரண்டு வெள்ளங்கள் தாக்கின. சிலர் மேட்டுக்குப் போனார்கள், சிலர் பழைய வீடுகளைத் துடைத்துச் சீராக்கி இருந்துவிட்டார்கள். 2018இல் ஆறு மீண்டும் வந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை வீரத்திலோ அறிவிலோ தேட வேண்டியதில்லை. ஒன்றில் மாற்று இடமும் பணமும் திட்டமும் வெள்ளத்துக்கு முன்பே ஊரின் பேச்சில் முதிர்ந்திருந்தன. மற்றொன்றில் அவை வெள்ளத்துக்குப் பின், களைத்த மக்களிடம் வந்து சேர்ந்தன.

எதை அளக்க வேண்டும்

இத்தனை அளவுகோல்களையும் பார்த்தபின் எனக்குப் படுவது இது. செலவையும் அடித்தடத்தையும் அளப்பது எளிது என்பதால் அளந்துவந்திருக்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வேலை முடிந்தபின் வீட்டாலும் வீட்டுக்கும் வரும் தீங்கு முன்னைவிடக் குறையுமா? குறையுமென்றால் கதவு திறக்கட்டும். பழைய ஆபத்தையே புதுப் பலகையால் மூடுவதாக இருந்தால், செலவு சிறிதென்பதற்காக அதைக் கண்ணை மூடி விடக் கூடாது.

ஆகவே கடமையும் படிப்படியாக ஏற வேண்டும். சிறு பழுதுக்கு வருபவரிடம் மின்பெட்டியையும் வெப்பமூட்டியையும் மேலே ஏற்றச் சொல்லலாம், கரையில் நாலடி அகலத்துக்குப் புல்வெட்டாமல் விடச் சொல்லலாம். நடுத்தர வேலைக்கு வருபவரிடம் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து வெளியேறும் திறப்புகளைக் கேட்கலாம். பெரிய வேலைக்கு வருபவரிடம் உயர்த்து அல்லது விலகு என்று கேட்கும்போது, அரசும் பணத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டை விலைக்கு வாங்கி நிலத்தை என்றைக்கும் திறந்தவெளியாக விடும் திட்டம் நடுவண் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. செலவில் 75 விழுக்காடு வரை அது ஏற்கவும் செய்கிறது. குறையாக இருப்பது வேகமும் முன்னேற்பாடும்தான்.

இவை அனைத்தையும் ஊர் வறண்ட காலத்தில் பேசி முடிக்க வேண்டும். ஒவ்வொரு ஆற்றோர வீட்டுக்காரரும் தம் கட்டடத்தின் மதிப்பு என்ன, பாதி எவ்வளவு, தரை வெள்ள மட்டத்துக்கு எத்தனை அடி கீழே என்ற மூன்று எண்களைத் தெரிந்து வைத்திருக்க ஊர் அலுவலகம் உதவ வேண்டும். அந்த எண்கள் முன்பே தெரிந்தால், வெள்ளம் வடிந்த மறுவாரம் வாசலில் வந்து நிற்கும் அலுவலர் அதிர்ச்சியைக் கொண்டுவரமாட்டார், முன்பே பேசி வைத்ததை நினைவூட்டுவார். ஆறு தன் இடத்தைக் கேட்டு வரும் நாள் நம் கையில் இல்லை. அந்த நாளில் ஒரு குடும்பம் எங்கே, எந்த உயரத்தில் இருக்கும் என்பதோ, இன்று ஒழுகும் கூரைக்கு அனுமதி கேட்டு வரும்போது அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது.